மேலே போன ஜெனரேட்டர்

யோகேஸ்வரி வேலை பார்த்த இடத்தில் இரண்டே திசைகள்தான். மேல, கீழ.

மேல என்றால் பெரிய கம்பெனி. விருதுநகரில் மூன்று மாடிக் கட்டடம், மூன்றாவது மாடியில் ஏசி போட்ட ஹால். கீழ என்றால் சின்னக் கம்பெனி. ஆமத்தூரைத் தாண்டிக் கரிசல் காட்டுக்குள் அதன் பட்டாசுத் தொழிற்சாலை இருந்தது. அதன் அலுவலகம் என்று சொல்லிக்கொள்ள, அதே விருதுநகர்க் கட்டடத்தின் தரைத்தளத்தில் மாடிப்படிக்கு அடியில் ஓர் அறை. அந்த அறையில் பத்தொன்பது வருடமாக யோகேஸ்வரி உட்கார்ந்திருந்தாள். இரண்டு கம்பெனிக்கும் முதலாளி கனகசபாபதிதான். சின்னக் கம்பெனியின் பங்குகள் மொத்தமும் பெரிய கம்பெனியின் கையில் இருந்தன. தணிக்கை அறிக்கையில் தாய் நிறுவனம், துணை நிறுவனம் என்று அச்சிட்டிருக்கும். பேச்சில் மேல, கீழ, அவ்வளவுதான்.

சொத்துப் பதிவேடு அவள் கையில் இருந்தது. தொழிற்சாலையில் வாங்கும் ஒவ்வொரு சாமானுக்கும் அவள் ஓர் எண் கொடுப்பாள். வெள்ளைப் பெயின்ட்டில் அந்த எண் சாமான் மேலேயே எழுதப்படும். கீழ் 14 என்றால் ஜெனரேட்டர், கீழ் 22 என்றால் காகிதம் வெட்டும் இயந்திரம். முதலாளிக்கு வங்கியில் கணக்குக் காட்ட வேண்டிய வருடங்களில் சில சாமான்கள் கீழேயிருந்து மேலே போகும், மேலேயிருந்து கீழே வரும். பெரும்பாலும் நின்ற இடத்தை விட்டு அவை ஓர் அங்குலம்கூட நகராது. காகிதத்தில் மட்டும் போகும்.

அதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. ஒருமுறை மதுரை ஆடிட்டர் அனுப்பிய பையன், தேய்மானம் போக இரண்டு லட்சத்துப் பதினெட்டாயிரத்துக்கு வந்து நின்ற ஒரு பழைய ஜெனரேட்டரை மேலே மாற்றும்போது சந்தை விலை மூன்று லட்சம் என்று போட்டு, கீழே எண்பத்திரண்டாயிரம் லாபம் காட்டிவிட்டான். யோகேஸ்வரி அதை அடித்தாள். "ஒருத்தன் தோள்ல கெடந்த துண்ட எடுத்து இடுப்புல கட்டிக்கிட்டா அதுல என்ன தம்பி லாபம்?" என்று கேட்டாள். தேய்மானம் போக நின்ற மதிப்புக்கே மாற்ற வேண்டும். தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவில் எடுத்த லாபம், இரண்டையும் சேர்த்து எழுதும் கணக்கில் ஒன்றுமில்லாமல் போய்விடும். அதை அவள் விளக்கிய விதத்தைக் கேள்விப்பட்ட கனகசபாபதி அன்று படியிறங்கும்போது அறை வாசலில் நின்று, "ஒன்ன மேல ஏத்திர்றேன் தாயி" என்றார்.

அது ஏழு வருடத்துக்கு முன்னால். பிறகு ஒவ்வொரு தீபாவளிக்கும் போனஸ் கவரோடு அந்த வாக்கியமும் வரும். மேலே போனால் ஒன்றரை மடங்கு சம்பளம், பி.எஃப்., பத்தொன்பது வருடச் சேவைக்குப் பணிக்கொடை. கல்யாணம் என்று ஒன்று அமையாமலே நாற்பத்து மூன்று வயதாகிவிட்டவளுக்கு, முதுமைக்கு அந்தப் படிக்கட்டை விட்டால் வேறு வழி தெரியவில்லை.

மே மாதம் பத்தாம் தேதி பதினோராம் நம்பர் அறை வெடித்தது. எட்டுப் பெண்கள்.

அவர்களில் ஒருத்தி பானுப்பிரியா. ஆமத்தூரில் யோகேஸ்வரியின் தெருவில் மூன்றாவது வீட்டு மாரித்தாயின் மகள். புருஷன் விட்டுப் போனபிறகு ஆறு வயதுப் பிள்ளையோடு அம்மா வீட்டில் இருந்தவள். விருதுநகர்க் கடைவீதிக்கு வந்து திரும்பும் சாயந்தரங்களில், ஆமத்தூர் பஸ்ஸில் தன் பக்கத்து சீட்டில் தூக்குவாளியை வைத்து யோகேஸ்வரிக்கு இடம் பிடித்து வைத்திருப்பாள். யாராவது உட்கார வந்தால், "கணக்கு அக்கா வாராக" என்பாள். அதைச் சொன்னால் ஆட்கள் நகர்ந்துவிடுவார்கள் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை.

நான்காம் நாள் கனகசபாபதி மாடிப்படிக்கு அடியில் இருந்த அறைக்குள் வந்தார். பத்தொன்பது வருடத்தில் உள்ளே வந்தது அதுதான் முதல் தடவை. எதிரே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்து, அறையைச் சுற்றிப் பார்த்தார். ஃபேன் இவ்வளவு சத்தம் போடுகிறதே என்று வருத்தப்பட்டார். பிறகு விஷயத்துக்கு வந்தார். மார்ச்சில் கட்ட வேண்டிய இன்சூரன்ஸைக் கட்டவில்லை. எட்டுக் குடும்பமும் நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போட்டால், கீழே இருக்கிற அத்தனையையும் ஜப்தி செய்துவிடுவார்கள். நிலம் முதலில் இருந்தே பெரிய கம்பெனியுடையது, கவலையில்லை. இயந்திரங்கள், வேன், ஜெனரேட்டர், கிட்டங்கியில் தீபாவளிக்குக் கட்டி வைத்த ஒன்றரைக் கோடிச் சரக்கு, இவைதான் கவலை.

"நம்ம சாமான நாமதான தாயி காப்பாத்திக்கிடணும்" என்றார்.

நம்ம என்ற சொல் அவளுக்குள் எங்கேயோ போய் உட்கார்ந்தது.

ஆடிட்டர் ஃபோனில் வழி சொன்னார். பெரிய கம்பெனி சின்னக் கம்பெனிக்குக் கொடுத்த பழைய கடன் ஒன்றே முக்கால் கோடி நிற்கிறது. அந்தக் கடனுக்கு ஈடாக எல்லாச் சாமானையும் விபத்துக்கு முன்பே மேலே மாற்றியதாக எழுதிவிடலாம். பணம் கைமாற வேண்டாம். தேதி ஏப்ரல் ஏழு, திங்கட்கிழமை. மதுரையில் உட்கார்ந்து காலண்டரைப் பார்த்துச் சொன்ன தேதி. ஐயாயிரத்துக்குக் கீழே நிற்கும் சில்லறைச் சாமான்களை விட்டுவிடுங்கள், எல்லாவற்றையும் வழித்தெடுத்த மாதிரித் தெரியக்கூடாது என்றார். யோகேஸ்வரி நாற்பது நிமிடத்தில் பதினொரு பதிவுகளைப் போட்டாள். வலமும் இடமும் பைசாவுக்குச் சரியாக நின்றன.

மறுநாள் ஆமத்தூரில் இருந்து நேராகத் தொழிற்சாலைக்குப் போனாள். போலீஸ் கட்டிய கயிறு பதினோராம் நம்பர் அறையைச் சுற்றி மட்டும் இருந்தது. ஜெனரேட்டர் அதன் கொட்டகையில், அதன் இடத்தில் நின்றது. கீழ் 14 என்ற எழுத்தைச் சுரண்டிவிட்டு, மேல் 61 என்று எழுதினாள். அப்படியே மற்றவற்றுக்கும். கந்தக வாடை இன்னும் போகவில்லை. வேப்பமரத்தடியில் எட்டுத் தூக்குவாளிகள் வரிசையாக இருந்தன, மூடி திறக்காமல், உள்ளே சோறு புளித்து நுரைத்து மூடியோரம் வழிந்திருந்தது. அவை பதிவேட்டில் இல்லாதவை. அவள் பெயின்ட் டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

ஜூலையில் தொழிலாளர் அலுவலகத்தில் முதல் பேச்சுவார்த்தை. அரசு கொடுத்த நிவாரணம் பழைய கடன்களில் கரைந்து போயிருந்தது. எட்டுக் குடும்பமும் வந்திருந்தன. யோகேஸ்வரி கம்பெனி வக்கீலுக்குப் பின்னால் ஃபைலை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். வக்கீல் அவள் எழுதிய காகிதத்தை வாசித்தார். சின்னக் கம்பெனியிடம் சொத்து எதுவும் இல்லை, ஜெனரேட்டர் உட்பட எல்லாம் ஏப்ரல் ஏழாம் தேதியே மேலே போய்விட்டது என்றார். அலுவலகப் பேச்சு அவர் வாயிலும் ஒட்டிக்கொண்டிருந்தது.

மாரித்தாய் எழுந்தாள். "மேல போனது எம் மக. ஜெனரேட்டரு அங்கனயேதான நிக்கி."

அதிகாரி, அசல் காகிதங்களை அடுத்த வாரம் தாக்கல் செய்யச் சொல்லிவிட்டு எழுந்தார்.

மறுநாள் காலை பஸ் ஸ்டாப்பில் மாரித்தாய் யோகேஸ்வரிக்காகக் காத்திருந்தாள். பேத்தி கீர்த்திகா சீருடையோடு பக்கத்தில் நின்றாள். மாரித்தாய் சேலை முந்தியில் இருந்து பானுப்பிரியாவின் ஃபோனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். மஞ்சள் சேலையில் பானுப்பிரியா, கையில் வேப்பிலை சுற்றிய அக்கினிச்சட்டி. பக்கத்தில் தண்ணீர்ப் பந்தலில் கையில் சொம்போடு, வருகிறவர்களுக்கு நீர்மோர் ஊற்றும் கனகசபாபதி. படத்துக்கு மேலே தேதி இருந்தது. ஏப்ரல் ஏழு.

"நேத்து ஏழாந்தேதினு வாசிச்சாகல்ல யோகேசு. அன்னிக்கு அக்கினிச்சட்டில்லா. பங்குனிப் பொங்கலுக்கு ஊரே அடச்சுக் கெடந்துச்சு. கம்பெனியில ஈ காக்கா கெடயாது. அன்னிக்குப் போயி யாரு சாமான மாத்துனா, யாரு கையெழுத்துப் போட்டா? மொதலாளியே இங்கன நிக்காக, பாரு."

யோகேஸ்வரி பார்த்தாள். முதலில் அவளுக்கு வந்தது வெட்கம். விருதுநகர்க்காரி யாரும் செய்யாத தப்பு. அம்மனுக்கு அக்கினிச்சட்டி எடுக்கும் நாளில் எந்த அலுவலகம் திறந்திருக்கும்? மதுரைக்காரர் சொன்ன தேதியை அப்படியே எழுதியிருக்கிறாளே. தன் கணக்கில் பிழை இருக்கிறது என்று பத்தொன்பது வருடத்தில் ஒருவர் சொன்னது கிடையாது, இப்போது சொன்னவள் ஒரு கைநாட்டு.

"வக்கீல்ட்ட சொல்லீட்டீகளா சித்தி?"

"இல்லத்தா. எனக்கு என்ன தெரியும்? நான் ஏதும் ஒளறி வச்சுட்டா? அதான் ஒங்கிட்ட கேட்டுக்கிட்டுச் சொல்லுவம்னு. நீ தப்புங்கியா, சரிங்கியா?"

கேஸ் ஜெயித்தால் பிள்ளை பேரில் போட்டு வைப்பேன், எனக்கு ஒரு பைசா வேண்டாம், எனக்கப்புறம் அவளுக்கு யாரு இருக்கா என்றாள் மாரித்தாய். யோகேஸ்வரி அவள் கையைப் பிடித்து, யாரிடமும் சொல்ல வேண்டாம், ஃபைலைப் பார்த்துவிட்டுத் தானே வந்து சொல்வதாகச் சொன்னாள். மாரித்தாய்க்கு முகம் தெளிந்தது. பஸ் வந்ததும் முதலில் ஏறி, பக்கத்து சீட்டில் கையை வைத்து அவளுக்கு இடம் பிடித்துக் கொடுத்தாள்.

விருதுநகர் வரும் வரை யோகேஸ்வரி யோசித்ததாகச் சொல்ல முடியாது. வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்தால் போதும். ஏழாம் தேதியிட்ட காகிதம் தாக்கலாகும், மாரித்தாய் படத்தை நீட்டுவாள், பதினொரு பதிவும் பொய் என்று தெரிந்துவிடும், சாமான்கள் கீழே வந்து சேரும். எட்டுக் குடும்பத்துக்கும் கிடைக்கும். இதெல்லாம் அவளுக்கு ஒரு பதிவேட்டுப் பக்கத்தைப் போலத் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் அந்தப் பக்கத்தின் அடியில் தயாரித்தவர் என்று அவள் கையெழுத்து இருந்தது. பிழையோடு ஒரு காகிதம் தன் பெயரில் வெளியே போவதை அவளால் தாங்க முடியவில்லை. அதற்கும் மேலே மூன்றாவது மாடி இருந்தது.

அவள் படியேறினாள்.

கனகசபாபதி கேட்டதும் நெற்றியில் அடித்துக்கொண்டார். அன்றைக்கு விடியற்காலையில் இருந்து தாமே மோர் ஊற்றிக்கொண்டு நின்றதைச் சொல்லிச் சிரித்தார். "நீ இல்லாட்டி நாங்க தெருவுலதான் தாயி" என்றார். அந்தச் சிரிப்பில் சேர்ந்து அவளும் சிரித்தாள். மேலே இருந்த பிரின்டரிலேயே காகிதத்தை மறுபடி எடுத்தாள். ஏப்ரல் ஒன்பது, புதன்கிழமை. எல்லாக் கையெழுத்துகளும் புதிதாக வாங்கப்பட்டன. ஏழாம் தேதிக் காகிதத்தை அவளே கிழித்து, துண்டுகளைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

அந்த வாரம் அவள் வேறு பஸ்ஸில் போனாள்.

விசாரணையில் அதிகாரி காகிதத்தைப் பார்த்து ஒன்பதாம் தேதி என்றதும், மாரித்தாய் ஏழு என்றுதானே வாசித்தார்கள் என்று எழுந்து ஃபோனை நீட்டினாள். அதிகாரி படத்தைப் பார்த்தார். ஏழாம் தேதி கோவிலில் இருந்தால் ஒன்பதாம் தேதி அலுவலகத்தில் இருக்கக்கூடாதா அம்மா என்று பொறுமையாகக் கேட்டார். பிறகு, தயாரித்தவர் யார் என்று கேட்டு யோகேஸ்வரி பக்கம் திரும்பினார்.

"வாசிச்சதுலதான் தப்பு சார். காகிதத்துல எப்பவும் ஒன்பதுதான்."

மாரித்தாய் ஃபோனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். ஃபோன் அணைந்துவிட்டிருந்தது. அதை மறுபடி முந்தியில் முடிந்துகொண்டு உட்கார்ந்தாள்.

ஆளுக்கு ஒன்பது லட்சத்துச் சொச்சம் என்று உத்தரவு வந்தது. கொடுக்க வேண்டியது சின்னக் கம்பெனி. சின்னக் கம்பெனியிடம் இருந்தது மாடிப்படிக்கு அடியில் இருந்த அறையின் சாமான்கள் மட்டும். ஆடிட்டர் விட்டுவிடச் சொன்ன சில்லறை. அந்தக் கம்பெனியையே மூடிவிடப் போவதாகக் கேள்விப்பட்டு யோகேஸ்வரி மறுபடி படியேறினாள். என்னை எப்போது மேலே எடுக்கிறீர்கள் என்று கேட்டாள்.

கனகசபாபதி அவளை உட்காரச் சொன்னார். டீ வரவழைத்தார். கோபமே இல்லாமல் பேசினார்.

"ஒனக்குத் தெரியாத கணக்கா தாயி? சாமானுன்னா மதிப்புக்கு ஏத்திறலாம். ஒன்ன ஏத்துனா, ஒன் பத்தொம்போது வருசத்துப் பாக்கியும் ஒங்கூடவே மேல ஏறி வந்துருமே. அத ஆடிட்டரு ஒத்துக்கிட மாட்டாரு. நீ கீழ உள்ள ஆளு. கீழதான் கேக்கணும்."

டீ நன்றாக இருந்தது. அவள் அதை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு இறங்கினாள்.

சின்னக் கம்பெனியிடம் பாக்கி கேட்பவர்கள் பட்டியலில் எட்டுக் குடும்பத்துக்குப் பிறகு ஒன்பதாவதாக அவள் பெயர் ஏறியது. அறையில் இருந்த இரும்பு அலமாரி, இரண்டு மேசை, ஆறு நாற்காலி, கம்ப்யூட்டர், சுவர்க் கடிகாரம், சத்தம் போடும் ஃபேன் எல்லாம் ஏலத்தில் பதினாலாயிரத்து நானூறுக்குப் போயின. இருப்பதைச் சமமாகப் பிரித்துக்கொள்ள ஒன்பது பேரும் ஒப்புக்கொண்டார்கள். ஆளுக்கு ஆயிரத்து அறுநூறு.

தொழிலாளர் அலுவலக வராந்தாவில் வரிசையாக நிற்க வைத்துக் கொடுத்தார்கள். மாரித்தாய் எட்டாவது ஆள், யோகேஸ்வரி அவளுக்குப் பின்னால். கையெழுத்து வாங்குகிறவர் மை தடவிய பெட்டியை நீட்ட, மாரித்தாய் பெருவிரலை வைத்துவிட்டுப் பணத்தை வாங்கினாள். நாலே நாலு நோட்டு. திரும்பி அதை யோகேஸ்வரியிடம் நீட்டினாள்.

"எண்ணிக் குடு யோகேசு. ஒனக்குத்தான் கணக்கு தப்பாதே."

வரிசையில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யோகேஸ்வரி எண்ணினாள். மூன்று ஐந்நூறு, ஒரு நூறு. நோட்டுகளில் மாரித்தாயின் பெருவிரல் மை ஒட்டியிருந்தது. அது அவள் விரலிலும் ஏறியது.

"சரியா இருக்கு சித்தி" என்றாள்.

"இருக்கும்" என்று வாங்கிக்கொண்டு மாரித்தாய் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். மேசைக்குப் பின்னால் இருந்தவர், அடுத்து, என்று கூப்பிட்டார்.