மாலைக்குள் இருந்த எண்
சுதந்திரம் வந்த வருடம், காஜா பேராங் பகுதியில் இருந்த எங்கள் வீட்டில் என் ரோமானிய வெள்ளிக் காசைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். பேரரசரின் பெயர் தெரிந்தது. அவருடைய ஆட்சியின் எத்தனையாவது ஆண்டு விழாவுக்கு அடித்த காசு என்பதைப் பின்பக்கத்தில் பொறித்த இலைமாலைக்குள் இருக்கும் எண்தான் சொல்லும். அதன்மேல் கறுப்பு அப்பியிருந்தது. மூங்கில் குச்சியால் மெல்லச் சுரண்டினேன். அவ்வளவு பழைய வெள்ளி, அழுத்தினால் நொறுங்கிவிடும்.

"போதும்லா, ஒடஞ்சிரப் போவுது," என்றாள் பூதக்கண்ணாடியைப் பிடித்திருந்த மனைவி.

"இன்னும் கொஞ்சம்தான்."

'டிக்' என்றது. விளிம்பில் ஒரு துண்டு தெறித்து விழுந்தது. குச்சியைக் கீழே போட்டேன்.

அவள் காசின்மேல் குனிந்து பார்த்தாள். "நடுவுல கறுப்பு உதுந்திருச்சுங்க. எக்ஸ் மாதிரி ஒண்ணு தெரியுது."

ரோமானியருக்கு அது பத்து. பத்தாம் ஆண்டு! சந்தோஷப்படக்கூடத் தோன்றாமல், தரையில் அந்தத் துண்டைத் தேடினேன்.