குடைக்கார பாயின் படகு

டங்... டங்... என்று அடுப்படியிலிருந்து சத்தம் வந்தது. உதட்டுக்குக் கொண்டுபோன டீ கிளாஸை எட்மண்ட் அப்படியே நிறுத்தினார்.

"அது என்ன சத்தம், பாய்?"

"ஊட்டுல ரொட்டி சுடறாங்க ரைட்டரய்யா. கல்லுல கரண்டி படற சத்தம். நீங்க டீ குடிங்க," என்றார் ஜலாலுதீன்.

எட்மண்ட் குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். தம் துரை ஊட்டி ஏரியில் ஓட்டிப் பொழுது போக்குவதற்காக, ஜலாலுதீனின் பாய்மரப் படகை வாங்க வந்திருந்தார். பக்கத்து அறையை அடைத்துக்கொண்டு கிடந்த படகைக் குனிந்தும் நிமிர்ந்தும் பார்த்துவிட்டு வந்து, "எல்லாம் சரி, ஒரு சாமான் மட்டும் குறையுதே" என்று ஆரம்பித்தபோதுதான் அந்தச் சத்தம்.

ஊட்டி மார்க்கெட்டில் குடை ரிப்பேர் செய்யும் ஜலாலுதீனுக்குப் படகு வந்து சேர்ந்ததே ஒரு விபத்து. 1932இல், சீமைக்குத் திரும்பிய ஒரு துரையின் பங்களாவில் சாமான்களை ஏலம் விட்டார்கள். வண்டிக்கு மேல்மூடி தைக்க ஏற்ற கித்தான் துணி ஒரு சுருள் கிடந்தது. ஜலாலுதீன் அதற்குக் கை தூக்கினார். சுத்தியல் விழுந்த பிறகுதான் தெரிந்தது, அந்தக் கித்தான் ஒரு படகின் பாய் என்று. பாயோடு படகும், படகுக்குள் கிடந்த ஓர் இரும்புத் தகடும் அவர் தலையில் விழுந்தன.

மாட்டு வண்டியில் படகு வாசலுக்கு வந்தபோது அவர் மனைவி நஜ்முன்னிசா மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் அந்த இரும்புத் தகட்டை மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டாள். இரண்டு அடுப்புக்கும் குறுக்கே போட்டால் ஒரே நேரத்தில் ஆறு ரொட்டி சுடலாம்.

படகைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில், நட்டநடுவில், இரண்டு முழ நீளத்துக்கு ஒரு பிளவு. தச்சர் மனுவேல் கடலையே பார்த்திராதவர். "எந்தப் புண்ணியவான் படகுக்கு ஓட்டை வெச்சான்?" என்று கேட்டுவிட்டு, தேக்குக் கட்டையைச் சீவி, பஞ்சும் தாரும் வைத்து அடைத்தார். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. அதைச் சொல்லிச் சொல்லி ஒரு மாதம் பெருமைப்பட்டார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் ஜலாலுதீன் ஏரிக்குப் போவார். பாய் விரிந்து புடைக்கும் நொடியில் அவருடைய கவலையெல்லாம் காற்றோடு போய்விடும். படகும் காற்றோடு போய்விடும் என்பதுதான் சங்கடம். எதிர்க்கரையைப் பார்த்துத் திருப்பினால் அது பக்கவாட்டில் நகர்ந்து கோரைப் புல்லுக்குள் நுழையும். முழங்கால் சேற்றில் இறங்கி, கயிறு கட்டி இழுத்துக்கொண்டு திரும்புவார். மார்க்கெட்டில் அவருக்கு நண்டு பாய் என்றே பெயர் விழுந்தது.

"பாய், இன்னிக்கு எந்தப் பக்கம் ஒதுங்கறதா உத்தேசம்?" என்பார்கள் கடைக்காரர்கள்.

"காத்தைக் கேட்டுச் சொல்றேனுங்க," என்று சிரித்துவிட்டுப் போவார். உள்ளுக்குள் முள் குத்தும்.

ஆனாலும் அந்தப் படகை அவர் பார்த்துக்கொண்ட விதம் இருக்கிறதே! பனிக்காலத்தில் பலகைகள் காய்ந்து இடுக்கு விட்டால் ஈரச் சாக்கு போர்த்தி ஊற வைப்பார். மழைக்கு முன்னால் ஜன்னல் சட்டத்தையே கழற்றிப் படகை அறைக்குள் ஏற்றுவார். தம் செருப்புக்கு எண்ணெய் காட்டாத மனிதர், படகுக்கு ஆளிவிதை எண்ணெய் தடவித் தடவி மினுக்கினார். பாய் கிழிந்தால் குடைத் துணியில் ஒட்டுப் போட்டார். வெள்ளைப் பாயில் ஏழு கறுப்பு ஒட்டுகள்.

இப்போது விற்கத்தான் வேண்டும். மேட்டுப்பாளையத்தில் கட்டிக்கொடுத்த மகள் சுரையா தலைப்பிரசவத்துக்கு வருகிறாள். இருப்பதோ அந்த ஓர் அறை. மகளா, படகா என்று நஜ்முன்னிசா கேட்கவே இல்லை. கேட்டிருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம். எட்மண்டுக்கு ஆள் அனுப்பியது ஜலாலுதீனேதான்.

"குறையற சாமான் என்னங்க?" என்று இப்போது கேட்டார்.

"அடியில ஒரு தகடு இருக்கணும் பாய். இரும்புல, ரெண்டு முழ நீளம், ஒரு மூலையில ஓட்டை. அந்தப் பிளவு வழியா தண்ணிக்குள்ள இறக்கணும். சேறு தட்டுனா மேல தூக்கிக்கலாம். அது இல்லாட்டி காத்து தள்ற பக்கந்தான் படகு போகும். எண்ணூர்ல பழைய துரைகிட்ட இருந்தப்ப பாத்திருக்கேன். நீங்க பிளவையே அடைச்சு வெச்சிருக்கீங்க. யாருங்க அந்தப் புத்திசாலி?"

டங், என்றது அடுப்படி.

ஜலாலுதீன் அடுப்படிப் பக்கம் திரும்பினார். கல்லின் மூலை ஓட்டை வழியாக எண்ணெய் அடுப்பில் சொட்டுகிறது என்று நஜ்முன்னிசா இரண்டு வருஷமாகக் குறைசொல்லி வருகிறாள். இப்போது உண்மையைச் சொன்னால் தகடும் படகோடு போய்விடும். அடுத்த வாரம் அதே ஏரியில், அவர் கையால் ஒட்டுப் போட்ட பாயை விரித்துக்கொண்டு, யாரோ ஒரு துரை நேராகப் போவார். ஜலாலுதீன் கரையில் குடையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

பொய் சொல்ல வாய் வரவில்லை.

"தகடு இருக்குதுங்க," என்றார். "அடுப்பு மேல இருக்குது."

எட்மண்ட் டீ சிந்தச் சிந்தச் சிரித்தார். "அதான் சத்தம் கேட்டுதா! இத்தன நாள் எண்ணெய் குடிச்ச தகடு, துருவே இருக்காது. வண்டி வாசல்லதான் நிக்குது. ஏத்திடலாம்."

அடுப்படியில் சத்தம் நின்றது. திரைக்குப் பின்னாலிருந்து நஜ்முன்னிசாவின் குரல் வந்தது.

"ஏனுங்க, கல்லு சூடா இருக்குதுன்னு அந்தய்யாகிட்டச் சொல்லுங்க."

"ஆறுனதும் எடுத்துக்கறேனுங்கம்மா," என்றார் எட்மண்ட்.

"ஆற ஒரு மாசம் ஆகுமுங்க."

எட்மண்ட் திரையைப் பார்த்தார். ஜலாலுதீனும் பார்த்தார்.

"காய்க்காரிகூட என்னைய நண்டு பாய் ஊட்டம்மான்னுதான் கூப்பிடறா," என்றது திரை. "தப்பு இவுரு கையில இல்ல, என் அடுப்புல இருந்திருக்குது. இவுரு நேராப் போறத ஊரு பாக்கட்டும். மக வர இன்னும் நாலு வெள்ளிக்கெழம இருக்குது. அதுக்கப்புறம் வந்து தகட்டோட எடுத்துட்டுப் போங்க."

"அதுக்குள்ள துரை வேற படகு பாத்துட்டா?"

"பாத்துக்கட்டும். வெறகுக் கொட்டாய ஒழிச்சா இது அங்க கெடந்துட்டுப் போகுது."

ஜலாலுதீனின் கண்கள் நிறைந்துவிட்டன. படகு வந்த இரண்டு வருஷத்தில் அவள் அதைப் பற்றி நல்லதாகச் சொன்ன முதல் வார்த்தை அது. எட்மண்ட் எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டார். திரைக்கு அடியிலிருந்து, காகிதத்தில் சுற்றிய ஆறு ரொட்டிகள் ஒரு தட்டில் நகர்ந்து வந்தன.

"இந்தக் கல்லுல சுட்ட கடைசி ரொட்டிங்க. வழியில சாப்பிடச் சொல்லுங்க."

"படகு வாங்க வந்தவனுக்கு ரொட்டி," என்று சிரித்தபடி எட்மண்ட் பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கினார். "தகடு மாட்டத் தெரியாட்டிச் சொல்லி அனுப்புங்க பாய். ஞாயித்துக்கெழம நானே வந்து மாட்டித் தர்றேன்."

வெறும் வண்டி கடகடத்துக்கொண்டு சரிவில் இறங்கியது.

"போயிட்டாரா?" என்றது திரை. "அப்ப கதவச் சாத்திட்டு வந்து கல்லுக்கு ஒரு பக்கம் புடிங்க, எறக்கிடலாம். மனுவேலண்ணனுக்கு ஆள் அனுப்பணும். பிளவ அடைச்ச கையே தொறக்கட்டும்."

ஜலாலுதீன் கதவைச் சாத்தினார்.