கூடாரத்தில் நான்கு இரவுகள்

இதைச் சொல்ல இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. ஆகஸ்டில் பாரிஸ் லாச்சப்பலில் இருக்கும் எங்கள் கடையைப் பூட்டிவிட்டு, அமெரிக்கப் பாலைவனத் தேசியப் பூங்காக்களைக் குடும்பமாகக் காரில் சுற்றிவரத் திட்டமிட்டேன். மேசையில் வரைபடத்தை விரித்து, "நாலு இரவு கூடாரத்திலை படுக்கிறம்" என்றதும் பிள்ளைகள் துள்ளினார்கள். எங்களோடு இருந்த மனைவியின் அக்கா மட்டும், "நான் வரேல்லைத் தம்பி" என்றார்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "ஏன், உங்களுக்கு ஹோட்டல் கட்டில்தான் வேணுமோ?"

"அதில்லைத் தம்பி. சண்டை முடிஞ்ச பிறகு வவுனியா முகாமிலை பத்து மாசம் கூடாரத்துக்கைதானே கிடந்தனான்."

அது எனக்குத் தெரியாததல்ல. அவருடைய அகதி விண்ணப்பத்தைப் பிரெஞ்சில் எழுதிக்கொடுத்தவனே நான். அந்தக் கூடாரத்தையும் சுற்றியிருந்த முள்கம்பியையும் என் கையால் எழுதினேன். எழுதி முடித்ததும் மறந்துபோனேன்.

திட்டத்திலிருந்து கூடாரங்களை வெட்டிவிடப் பேனாவை எடுத்தேன். வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்த அக்கா கேட்டார்: "அங்கை சுத்திவர முள்ளுக்கம்பி இருக்குமோ?"

"இல்லை அக்கா. கண்ணுக்கெட்டின தூரம் வரைக்கும் வெறும் வெளிதான்."

"அப்ப கூடாரம் இருக்கட்டும். என்ரை பேரையும் எழுதுங்கோ."

அன்று விண்ணப்பத்தில் அவசரமாக எழுதிய அதே பெயரை, இந்த முறை பயணப் பட்டியலில் மெதுவாக எழுதினேன்.