செல்வராணி கேட்காத கேள்வி

செல்வராணி இறந்த செய்தி போனில் வந்தபோது, கோட்டைப்பட்டினத்தில் எங்கள் படகுத் தகவல் அறையில், அவருடைய காலி நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்தேன். "ராணி போயிருச்சும்மா" என்றார் அவர் கணவர் ராசு. காய்ச்சலுக்கு லீவு போட்டவர் திரும்பி வந்து என்னைத் திட்டுவார் என்றுதான் நினைத்திருந்தேன். அழுகைக்கு முன்னால் பயம் வந்தது. இனி காற்றடித்தால், படகுகளைப் புள்ளிகளாகக் காட்டும் இந்தத் திரைக்கு முன்னால் நான் ஒருத்திதான்.

அவரை அறிந்தவர்களுக்கு அந்தத் திரையும் தெரியும். எல்லாப் படகுகளும் செயற்கைக்கோளில் ஒரே தடத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. இரண்டு படகுகளின் தகவல் ஒரே நேரத்தில் மேலே போனால் மோதி இரண்டுமே வீண். ஒவ்வொன்றும் கொஞ்சம் முன்பின்னாகக் காத்திருந்து மறுபடி அனுப்ப வேண்டும். செல்வராணி இதைப் படகுக்காரர்களிடம் இப்படிச் சொல்வார்: "கல்யாண வீட்டுல எல்லாரும் ஒண்ணாப் பேசுனா யாரு பேச்சு கேக்கும்? ஆபத்துன்னா பட்டனை ஒரு தடவை அமுக்கிட்டுக் கையை எடுத்துருங்க. மிச்சத்தை மெசின் பாத்துக்கும்."

ஒரு பிற்பகலில் சூறைக்காற்று திடீரென்று கிளம்பியது. ராசுவும் கடலில் இருந்தார். பெண்கள் வாசலில் கூடி, "எம் புருஷன் எங்கிட்டு இருக்காருன்னு கேளுங்க" என்று அழுதார்கள். நாம் கேட்டால் படகு பதில் சொல்லும். அந்தப் பதிலும் அதே தடத்தில்தான் வரும். ஆபத்தில்லாத படகுகள் எதுவும் அனுப்ப வேண்டாம் என்று செல்வராணி உத்தரவு அனுப்பிவிட்டார். தகவல் நின்றதும் திரையில் புள்ளிகள் ஒவ்வொன்றாக மங்கின. ராசுவின் புள்ளியும் மங்கியது. "படிச்ச கொழுப்பாடி ஒனக்கு?" என்று ஒருத்தி கத்தினாள்.

"அக்கா, அண்ணனை மட்டும் ஒரு தடவை கேட்டுருவோம்" என்றேன்.

"நான் கேட்டா, வாசல்ல நிக்கிறவங்களை எப்படிக் கேக்காதீங்கன்னு சொல்றது? முங்குறவன் சத்தம் உள்ள வர எடம் வேணும்ல?"

அந்த அமைதிக்குள்தான் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்த ஒரு படகின் ஆபத்துக் குறி வந்தது. பக்கத்துப் படகு போய் அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டது. சாயங்காலம் ராசு கரையேறியதும், சட்டை நனைந்ததற்காக அவரை ஒரு பாட்டம் திட்டிவிட்டு, செல்வராணி மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "பயமில்லாம இருந்தேன்னா நெனச்ச? தானாப் போயி அமுக்கிரக் கூடாதுன்னு கையை முந்தானைல சுத்தியில்ல வச்சிருந்தேன்" என்றார் என்னிடம்.

இன்று காலையிலிருந்து காற்று ஏறுகிறது. என் மகன் கடலில் இருக்கிறான். அதே உத்தரவை நான் அனுப்பிவிட்டேன். அவன் புள்ளி மங்கிவிட்டது. தைரியத்தை செல்வராணி எனக்கு விட்டுப்போகவில்லை. அது அவரிடமே இருந்ததில்லை. அந்த முந்தானையைத்தான் விட்டுப்போயிருக்கிறார். கைக்கு வேறு வேலை வேண்டும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுதி முடித்தாயிற்று. இனி கையைச் சுற்றிக்கொள்ள வேண்டும்.