ராயகிரிக் கொழுஞ்சி

என் சிநேகிதன் ஒருவனின் வாழ்க்கையை நான் கெடுத்தேன். சுற்றி வளைப்பானேன்? கெடுத்தேன்.

போன வாரம் ஐப்பசி மழை கொட்டித் தீர்த்ததே... மழை விட்டபின் வீட்டின் பின்பக்கச் சுவரோரம் போய்ப் பார்த்தேன். கொழுஞ்சி முளைத்திருந்தது. ஊதாப் பூப் பூக்கும், வயலில் உரமாகப் போட்டு மிதிப்பார்களே, அந்தக் காட்டுச் செடிதான். பார்த்ததும் சங்கரலிங்கம் நினைவு. வேறு எதுவும் எழுத ஓடவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நாங்கள் இருவரும் தென்காசியில் ஒரே பள்ளிக்கூடத்தில் வாத்தியார்கள். நான் சரித்திரம், அவன் சயன்ஸ். இதே வீட்டில் சேர்ந்து குடியிருந்தோம். அவன் சமைப்பான், நான் பாத்திரம் கழுவுவேன். சாயந்திரமானால் குற்றாலத்துக்கு நடை. அந்த மாதிரி நாட்கள் எனக்குப் பிறகு வாய்க்கவே இல்லை.

அவனுக்கு ஒரு கிறுக்கு. குற்றால மலைச்சரிவில் கொழுஞ்சி விதை பொறுக்குவான். தன் சொந்த ஊரான ராயகிரியின் மானாவாரிக் காட்டிலும் பொறுக்குவான்.

"ஒரே செடிதானே, என்ன வித்தியாசத்தக் கண்டே?" என்பேன்.

"எலை ஒண்ணு, பூ ஒண்ணு. வித்துக்குப் புத்தி வேறலே" என்பான்.

அந்த வருஷம் சீசனுக்குக் குளிக்க வந்த மதராஸ் பேராசிரியர் ஒருவரிடம் இதைச் சொல்லியிருக்கிறான். "முளைக்கப் போட்டுக் காட்டும். நிஜமானால் என்னிடம் அசிஸ்டென்டாக வரலாம்" என்றாராம் அவர். சங்கரலிங்கத்துக்குக் கால் தரையில் பாவவில்லை!

பாதிச் சட்டிகளில் குற்றால விதை, பாதியில் ராயகிரி விதை. அதற்குள் அவன் தங்கை கல்யாணம் வந்தது. "தண்ணி மட்டும் ஊத்துலே" என்று சொல்லி ஊருக்குப் போனான்.

சாரல் தூறிக்கொண்டிருந்தது. குற்றாலச் சட்டிகள் பச்சென்று முளைத்தன. ராயகிரிச் சட்டிகள்... மொட்டை. எனக்கு மனசு கேட்கவில்லை. கல்யாண வீட்டிலிருந்து வருகிறவன் இதையா பார்ப்பது? மொட்டைச் சட்டி மண்ணைச் சுவரோரம் கொட்டினேன். புது மண் போட்டு, மிச்சமிருந்த குற்றால விதையைத் தூவினேன். எல்லாம் முளைத்தது. பெருமையாகக்கூட இருந்தது.

பேராசிரியர் வந்த அன்று காலைதான் அவனும் வந்து இறங்கினான். சட்டிகளைப் பார்த்தான். முகம் வெளுத்தது.

"எல்லாம் முளைச்சிருக்கே மிஸ்டர்? கொஞ்சம் முன்னே பின்னே... அவ்வளவுதான்" என்றார் அவர்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ராயகிரிச் சட்டி மொட்டையாக இருந்ததுதானே அவனுடைய சாட்சி! வாயைத் திறந்தேன். இவன் மதராஸ் போய்விட்டால் இந்த வீட்டில் நான் மட்டும்... என்று ஒரு நினைப்பு. மூடிக்கொண்டேன்.

மண்ணைக் கொட்டியது அறியாமை. வாயை மூடியதற்கு அந்தச் சாக்கும் கிடையாது.

"நான் நெனச்சது தப்புலே" என்றான், அவ்வளவுதான். அந்த வருஷமே வேலையை விட்டுவிட்டு ராயகிரிக்கு விவசாயம் பார்க்கப் போய்விட்டான். யாரை விட மனசில்லாமல் வாயை மூடினேனோ, அவனே போய்விட்டான்.

ஐப்பசியில் அடைமழை. சுவரோரம் கொட்டிய மண்ணில் கொழுஞ்சி தலை காட்டியது. பார்க்கச் சகிக்காமல் பிடுங்கி எறிந்தேன். மறு வருஷம் மண்ணுக்குள் கிடந்த விதையில் இன்னும் கொஞ்சம் முளைத்தது. அதையும் பிடுங்கினேன். அதற்கடுத்த வருஷம் கை வரவில்லை.

வெறும் சாரலை நம்பி முளைத்தால் ராயகிரி வெயிலில் கருக வேண்டியதுதான். அதனால் அந்த விதை பெருமழைக்குக் காத்திருக்கிறது. அப்போதும் மொத்தமாக நம்புவதில்லை; கொஞ்சம் விதை அடுத்த வருஷத்துக்கென்று உள்ளேயே கிடக்கும். குற்றாலத்து விதைக்கு அந்தக் கவலை ஏது?

யுத்த காலத்தில், பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடிய பஸ்ஸில் ஏறி ராயகிரி போனேன் — செடி ஒன்றை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு. சங்கரலிங்கம் மண்வெட்டியோடு நின்றிருந்தான். எல்லாம் சொன்னேன். வாயை மூடிய காரணத்தையும்.

மண்வெட்டியை வரப்பில் சாய்த்து வைத்தான். பிறகு, "கொட்டுன மண்ணுல இன்னுமா முளைக்குது?" என்றான்.

"வருஷா வருஷம்."

பழைய சயன்ஸ் வாத்தியார் அவன் முகத்தில் ஒரு நிமிஷம் வந்து போனார்.

"மன்னிச்சிருலே" என்றேன்.

"கேட்டதும் முளைக்க நான் என்ன குத்தாலத்து வித்தா? ராயகிரிக்காரன்லே."

செடியை வாங்கிக்கொண்டான். பஸ் வரும்வரை கூடவே நின்றான்.

அதன்பின் எத்தனையோ ஐப்பசி. அவன் தென்காசிப் பக்கம் வரவில்லை. நன்றாயிருக்கிறான் என்று அந்த ஊர் ஆட்கள் சொல்லுகிறார்கள். இந்த வீட்டை நான் விலைக்கே வாங்கிவிட்டேன். அவன் வந்தால் வழி தெரிய வேண்டுமே?

தோட்டத்தில் களை எடுக்க வருகிறவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன் — அந்தச் சுவரோரம் மட்டும் கை வைக்க வேண்டாம்.