லில்லி அக்காவுக்க குரல ஏலத்துல விட்ட கத

போன ஞாயித்துக்கிழம சாயங்காலம் நாலு மணிக்கு எனக்க அக்காவ ஏலத்துல விட்டுட்டேன் மக்கா!

(பயப்படாதீங்க. அக்கா பூதப்பாண்டில பத்திரமா இருக்கா. விட்டது அவளுக்க குரல.)

அக்கா பேரு லில்லி.

அவ காலேஜ் படிக்கும்போ, எங்க சர்ச் வாலிபர் சங்கத்துப் பிள்ளைங்க சேந்து ஒரு கிறிஸ்மஸ் பாட்டு கேசட் போட்டாங்க. நாகர்கோவில்ல ஒரு ஸ்டுடியோல ரெக்கார்டிங்.

சர்ச்சுல அறுப்பின் பண்டிகையில மேச போட்டு வித்தோம். நான் அப்ப ஆறாங்கிளாஸ். "எனக்க அக்கா பாடினது, வாங்குங்க"ன்னு கத்தி கத்தி எனக்கே தொண்ட கெட்டிப் போச்சு!

எங்க வீட்டுல இருந்த ஒரே காப்பி மேல அத்தான், அதாவது அக்காவுக்க வீட்டுக்காரர், ரேடியோவுல போன பாட்ட ரெக்கார்ட் பண்ணிட்டாரு. கல்யாணம் ஆன புதுசுல!

(இன்னிக்கு வர அதுக்கு சண்ட உண்டு.)

ரெண்டு வருசம் முந்தி அக்காவுக்கு தைராய்டு ஆபரேசன். உசுருக்கு ஒண்ணும் இல்ல, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆனா குரல் போச்சு.

பேசுவா. காத்து மாதிரி வரும். பாட்டு கிடையாது.

சர்ச் கொயர்ல முன்வரிசையில நின்னவ, இப்ப கடைசி பெஞ்சுல உக்காந்து வாய மட்டும் அசைப்பா. அவ அசைக்கது பாடுறதுக்கில்ல, பக்கத்துல இருக்கவங்க பாவம் பாக்காம இருக்கதுக்கு.

அப்பிடி இருக்கும்போதான் போன மாசம், பழைய ரெக்கார்டு, கேசட்டு விக்கிற ஒரு ஆன்லைன் பக்கத்துல அந்தக் கேசட்ட பாத்தேன்!

சீல் கூட பிரிக்காதது! அட்டையில ரெண்டாவது வரிசையில ரெட்டச்சட போட்டு அக்கா!

விக்கிற ஆளு மதுரக்காரரு. 'உடனே வாங்க, அறுநூறு ரூபாய்'னு போட்டிருந்தாரு.

வாங்கியிருக்கணுமா இல்லியா?

நான் என்ன செஞ்சேன் தெரியுமா? "அண்ணாச்சி, முந்நூறுக்கு தருவியளா?"ன்னு மெசேஜ் போட்டேன்!

எங்க ஊர் பிள்ளைங்க பாடின கேசட்டு. என்ன விட்டா இத யாரு வாங்கப் போறான்னு ஒரு மெதப்பு.

அவரு பதிலே போடல. ரெண்டு நாள் கழிச்சுப் பாத்தா, கேசட்ட ஏலத்துல போட்டுட்டாரு!

சரி, ஏலத்துல இன்னும் கொறைவா கிட்டும்னு நெனச்சு எறங்கினேன். புரொபைல்ல கிளி படம் வச்ச ஒரு ஆளு எதுக்க வந்தாரு.

நான் அம்பது ஏத்துனா அவரும் அம்பது ஏத்துவாரு.

ஏலத்துல ஒரு கேடு உண்டு மக்கா. கொஞ்ச நேரத்துல சாமான் மறந்து போவும். அந்தக் கிளி ஜெயிச்சிரப்பிடாதுங்கற வெப்ராளம் மட்டும்தான் மிஞ்சும்! அட்டையில அக்கா இருக்கதே எனக்கு ஓர்மயில்ல.

கடைசி பத்து செகண்ட். தொகைய அடிச்சு அமுக்கினேன்.

'ஏலம் முடிந்தது.'

கிளிக்குப் போயிட்டு.

அறுநூறுக்கு கையில கிட்ட வேண்டியத, முந்நூறு லாபம் பாக்கப் போயி விட்டேன்.

மறுநாள் மதுரக்காரர் காலப் பிடிச்சு, கிளிக்காரருக்கு தகவல் சொல்லச் சொன்னேன். கிளிக்காரரே போன் பண்ணினாரு. ஈரோட்டுப் பக்கம், ரிட்டையர் ஆனவரு.

"சொல்லுங்கம்மா."

"சார், அதுல பாடினது எனக்க அக்கா. நீங்க குடுத்ததுல ரெண்டு மடங்கு தாறேன், எனக்குத் தருவியளா?"

"நான் விக்கறதில்லீங்கம்மா. சேத்து வெக்கறதோட சரி."

"அப்ப ஒரு தடவ ஓட விட்டு, பாட்ட மட்டும் போன்ல பதிஞ்சு அனுப்புவியளா?"



"நான் எதையும் பிரிக்கறதில்லீங்க. பிரிச்சா மதிப்பு போயிருமுங்க."

அக்காவுக்க ஆபரேசன் கதைய சொன்னேன். "பாக்கலாமுங்க"ன்னு வச்சிட்டாரு. அவ்வளவுதான், முடிஞ்சுதுன்னு நெனச்சேன்.

வியாழக்கிழம காலத்த வாட்சப்ல ஒரு போட்டோ.

கிழிஞ்சு கெடக்க பிளாஸ்டிக் உறை!

பொறத்தால எட்டு பாட்டு. அதுக்குப் பொறவு அவரு குரல்:

"பக்கத்து வீட்டுல பிளேயர் வாங்கிப் போட்டனுங்க. உள்ள ஒரு ஆளு இருக்காங்கன்னு தெரிஞ்சப்பறம், அத மூடியே வெக்க மனசு வரலீங்கம்மா. காசெல்லாம் வேண்டாமுங்க."

ஒத்த பாட்டு கூட நான் தனியா கேக்கல. நேரா பூதப்பாண்டிக்கு பஸ் ஏறிட்டேன்.

அக்கா அடுக்களையில தேங்கா துருவிட்டு நின்னா. போன மேச மேல வச்சு மொதப் பாட்ட போட்டேன்.

என்னா குரல்! தேனு! நான் ஏங்கி ஏங்கி அழுதேன்.

அக்கா என்னையே பாத்தா.

"ஏட்டி, என்னத்துக்கு அழுக? இது நான் இல்லட்டி. கூடப் பாடின ஸ்டெல்லா!"

(முழுக் கண்ணீரும் வேஸ்ட்!)

மூணாவது பாட்டுதான் அவ.

அடுப்ப அணைச்சா. கைய தொடச்சிட்டு நாற்காலியில உக்காந்தா. வாய அசைக்கல. சும்மா கேட்டா.

அத்தான் வாசல்ல வந்து நின்னாரு. உள்ள வரல.

பாட்டு முடிஞ்சதும் அந்தக் காத்துக் குரல்ல சொன்னா: "மூச்சு எங்கன எடுக்கணும்னு கூட தெரியல பாரு, இந்தப் பிள்ளைக்கு."

ஏதோ அடுத்த வீட்டுப் பிள்ளைய சொல்லுகது போல! சிரிச்சிட்டேதான் சொன்னா.

பொறவு, "மறுபடி மொதப் பாட்டப் போடு"ன்னா. ஸ்டெல்லா பாட்டு.

"அவ என்ன விட நல்லா பாடுவாட்டி. கல்யாணத்துக்கு அப்பொறம் ஒரு நாள் கூட அவ பாடினதா கேள்விப்படல. நாக்பூர்ப் பக்கம் போனா, ரயில்வே மாப்பிள்ள. அவளுக்க கையில இந்தக் கேசட்டு இருக்காது. அனுப்பிக் குடு."

யாருக்கு அனுப்ப? நம்பர் கிடையாது. ஊர்ல அவளுக்க ஆளுங்களும் இல்ல.

அதுனால உங்ககிட்ட கேக்கேன். ஸ்டெல்லான்னு ஒரு அக்கா, தக்கலை பக்கம் பெறந்தவங்க, நாக்பூர்ப் பக்கம் வாக்கப்பட்டுப் போனவங்க. இப்ப அறுபது வயசு கிட்ட இருக்கும். இடது புருவத்துல ஒரு தழும்பு உண்டு.

யாருக்காவது தெரிஞ்சா கமெண்ட்ல சொல்லுங்க மக்கா.

லில்லி அக்கா போன கையில வச்சிட்டு காத்திருக்கா.