நின்றபடி கையெழுத்திட்ட மந்திரி

வைக்கோலில் பொதிந்து மாட்டுவண்டியில் வந்தது அந்த நாற்காலி. நல்ல தேக்கு, கைப்பிடி முனைகளில் சிங்கமுகம். தென்காசியில் எங்கள் மன்றம் நாடகம் போடுகிறதென்றால் மேசை, விளக்கு, கம்பளம் எல்லாமே பெரிய வீடுகளின் இரவல்தான். கொடுத்தவர் பெயரை நோட்டீசின் அடியில் நன்றியோடு அச்சிட்டுவிடுவோம். கூலிக்காரன் மகன் மந்திரியாகி, உழுகிறவனுக்கே நிலம் என்ற உத்தரவில் கையெழுத்துப் போடுகிற கதை அது. அதற்கு நாற்காலி தந்தவர் அந்தப் பக்கத்து வயலெல்லாம் தன் பேரில் வைத்திருந்த பண்ணையார் என்பதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. கதை என்னவென்று அவர் கேட்கவில்லை. மந்திரி வேடம் யாருக்கு என்று மட்டும் கேட்டார். அப்போது அது தாலுகா ஆபீஸ் குமாஸ்தா ஒருவருக்கு இருந்தது. அவருக்கு மாற்றல் வந்ததும் வேடம் என் அண்ணாச்சிக்குப் போனது.

அண்ணாச்சி குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். எழுதப் படிக்கத் தெரியாது. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். அதனால் அவருக்கு வசனம் படித்துக் காட்டும் வேலை என்னுடையதாயிற்று. மேடையில் அவருடைய செகரட்டரியும் நான்தான். சாரல் காலம். பேரருவிப் பக்கம் யாராவது ஒருவரைக் குந்தவைத்து அவர் தேய்த்துக்கொண்டிருப்பார். நான் அருவிச் சத்தத்துக்கு மேல் கத்துவேன். அவர் அதைத் திருப்பிக் கத்துவார். மைக் கெட்டுப்போன ஊர்களிலும் அவர் குரல் கடைசி வரிசை வரை போனதற்கு இதுதான் காரணம். கோபமான வசனம் வந்தால் கீழே இருப்பவர் முதுகில் அடி பலமாக விழும். கடையநல்லூர் துணி வியாபாரி ஒருவர் துள்ளி எழுந்து, "எண்ணெய் தேய்க்கியா, எலெக்‌ஷன்ல நிக்கியா?" என்று கேட்டார். "ரெண்டுக்கும் சேத்து ஒரே கூலிதான் மொதலாளி, உக்காருங்க" என்றார் அண்ணாச்சி. பண்ணையாரும் இவரிடம்தான் தேய்த்துக்கொள்வார். வேறு கை அவருக்கு ஒத்துவராது.

முதல் நாடகத்தன்று மாலை அண்ணாச்சி அரிதாரம் பூசிக்கொண்டிருந்தபோது, பண்ணையார் வீட்டுக் கணக்குப்பிள்ளை இரண்டு ஆட்களோடு உள்ளே வந்தார்.

"நாற்காலியை எடுத்துட்டு வரச் சொல்லுதாவ."

"நாடகம் முடியட்டுமே" என்றேன்.

"இவன் உக்காந்த பொறவு அதை வீட்டுக்குள்ள கொண்டுபோக முடியுமாலே?"

அண்ணாச்சி கண்ணாடியை விட்டுத் திரும்பவில்லை. "நேத்துக் காலையில அவுக உச்சந்தலையை இந்தக் கையாலதான் தேச்சேன். தலையைக் கழத்தி வாசல்ல வச்சுட்டா வீட்டுக்குள்ள போனாவ?"

வந்த ஆட்களில் ஒருவன் சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினான். ஆனாலும் நாற்காலி போய்விட்டது. டீக்கடை பெஞ்சியைத் தூக்கி வரட்டுமா என்று கேட்டேன். எங்கள் மன்றத் தலைவர் ஒரு வக்கீல். "மந்திரிக்கு பெஞ்சியா? நின்னுக்கிட்டே சமாளிக்கட்டும்" என்றார். கடைசிக் காட்சியில், மேசைக்குப் பின்னால் நாற்காலி இருந்திருக்க வேண்டிய இடத்தை அண்ணாச்சி ஒருமுறை பார்த்தார். பிறகு குனிந்து கையெழுத்துப் போட்டார். கொட்டகையே அதிர்ந்தது.

அதற்குப்பின் பாவூர்சத்திரம், வீரகேரளம்புதூர், செங்கோட்டை என்று போன இடமெல்லாம் மந்திரி நின்றார். மக்கள் வேலை முடியும்வரை உட்காராத மந்திரி என்று ஒரு பத்திரிகை எழுதியது. என்ன உயர்ந்த கற்பனை என்று தலைவரின் கையைப் பிடித்துப் பாராட்டினார்கள். அவரும் தலையாட்டி வாங்கிக்கொண்டார். நாற்காலி தருகிறோம் என்று முன்வந்த ஊர்களிலும் வேண்டாமென்று சொன்னவர் அவர்தான்; அண்ணாச்சியை யாரும் கேட்கவில்லை.

இந்த ஆண்டு, நாடகம் உருவான கதையைச் சிறு புத்தகமாக எழுதும்படி மன்றம் என்னைக் கேட்டது. எழுதினேன். தலைவர் படித்துவிட்டுக் கூப்பிட்டனுப்பினார்.

"தம்பி, இந்த நாற்காலி விஷயத்தை எடுத்துரு. மன்றத்துக் கட்டடத்துக்குப் பண்ணையாருதான் இடம் தாராரு. ஜனங்க அதை ஒரு கற்பனைன்னு நெனைக்காங்க, அப்படியே இருக்கட்டும்."

"அது கற்பனை இல்லியே சார்."

"எழுதினா உங்க அண்ணாச்சிக்குத்தான் கொறைச்சல். யோசிச்சுப் பாரு."

கொறைச்சல் என்ற அந்த வார்த்தை என்னைக் குத்திவிட்டது. நேரே குற்றாலத்துக்குப் போய், கையில் எண்ணெயோடு நின்றவருக்கு அந்தப் பகுதியைப் படித்துக் காட்டினேன். நாற்காலி போனபோதும் கலங்காமல் மலைபோல் நின்றார் என்று எழுதியிருந்தேன்.

"யாருலே மலை?" என்றார். "எனக்கு உக்காரணும்னு ஆசையா இருந்துச்சுலே. எப்படிச் சாயணும், கையை எங்கன வைக்கணும்னு வீட்டுல பலகையைப் போட்டு உக்காந்து உக்காந்து பழகினேன். உங்க மதினிகூடச் சிரிச்சா. அதை எழுதலியே நீ?"

"எழுதினா உங்களுக்குக் கொறைச்சல்னு வக்கீல் சொல்லுதாரு, அண்ணாச்சி."

"நாள் பூரா குனிஞ்சு நின்னு ஊரான் முதுகைத் தேய்க்கவன், மேடையிலயாவது செத்த நேரம் உக்காரணும்னு நெனச்சா அது கொறைச்சலா? எழுதுலே. பெரிய எழுத்துல போடச் சொல்லு."

மலையை அடித்துவிட்டு ஆசையை எழுதினேன். அப்படியானால் அட்டையில் மன்றத்தின் பெயர் இருக்காது என்றார் தலைவர். இருக்க வேண்டாம் என்றேன். பெயரில்லாமலே புத்தகம் வந்துவிட்டது. ஒரு நல்ல கற்பனையைக் கெடுத்துவிட்டாயே என்று படித்தவர்கள் சிலர் என்னிடம் வருத்தப்படுகிறார்கள். கெடுத்ததில் எனக்கு வருத்தமில்லை. நிற்க வைத்தவர்களை விட்டுவிட்டு, நின்றதற்கு மட்டும் மாலை போடுவது எந்த ஊர் நியாயம்?

நாற்காலி இல்லாத மேடையில் இனி ஏறுவதில்லை என்று அண்ணாச்சி மன்றத்துக்குச் சொல்லியனுப்பிவிட்டார். அவர்கள் வேறு மந்திரியைத் தேடுவதாகக் கேள்வி. செகரட்டரி ஒருவரையும் சேர்த்தே தேடிக்கொள்ளும்படி நானும் சொல்லியனுப்பியிருக்கிறேன்.